பாட்டி நடக்கட்டும்!

மாணவ நண்பர்களே, ஒரு சின்னச் சோதனை. வலது தோளும் வலது பாதத்தின் வெளிப்பக்கமும் சுவரோடு ஒட்டியிருக்கும்படி நில்லுங்கள். இப்போது இடது காலைத் தூக்கி அப்படியே நில்லுங்கள், பார்க்கலாம். முடியவில்லை, அல்லவா?

காரணம் இதுதான். சாயாமல் நிற்க வேண்டுமானால், ஈர்ப்பு மையத்திலிருந்து கீழ்நோக்கி வரையும் செங்குத்துக்கோடு அடிப்பரப்புக்குள் விழவேண்டும். ஒற்றைக் காலில் நிற்பதற்கு உடலைச் சற்று வலப்பக்கம் நகர்த்தியாக வேண்டும். சுவர் அதைத் தடுத்துவிடுகிறது.

நடக்கும்போது ஒவ்வோர் அடியிலும் சிறிது நேரம் ஒற்றைக் காலில்தான் நிற்கிறோம். கண், உட்செவி, தசைகள் ஆகியவை சேர்ந்து நம்மைச் சாயாமல் காக்கின்றன. முதுமையில் இவை தளர்கின்றன. உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டின்படி, கீழே விழுவதால் உலகில் ஆண்டுதோறும் சுமார் 6,84,000 பேர் இறக்கிறார்கள். இவ்வாறு இறப்போரில் 60 வயதைத் தாண்டியவர்களே மிகுதி.

என் தாயார் ஒருநாள் குளியலறையில் வழுக்கி விழுந்தார். எலும்பு முறியவில்லை. ஆனால் நாங்கள் பயந்துவிட்டோம். "அம்மா, நீ எழுந்திருக்கவே வேண்டாம், எல்லாம் நாங்கள் கொண்டுவந்து தருகிறோம்" என்றோம். அதை அன்பு என்றே நினைத்தோம். சில மாதங்களில் பிறர் தாங்காமல் அவரால் எழ முடியாமற் போயிற்று. வேலை செய்யாத தசை மெலியும். எடை தாங்காத எலும்பு வலுவிழக்கும். சோப்பு நீர் உராய்வைக் குறைக்கும் என்று கரும்பலகையில் எத்தனையோ முறை எழுதிய நான், என் வீட்டுக் குளியலறையில் அதை மறந்துபோனேன்.

ஆகவே சொல்கிறேன்: முதியவர்களை உட்கார்த்தி வைக்காதீர்கள். திருத்த வேண்டியது வீட்டைத்தான். ஈரத்தைத் துடையுங்கள். வழியில் கிடக்கும் செருப்பையும் ஒயரையும் அகற்றுங்கள். இரவில் ஒரு சிறு விளக்கு எரியட்டும். குளியலறைச் சுவரில் கைப்பிடிக் கம்பி பொருத்தச் சொல்லுங்கள்.

கைத்தடி பிடிக்கத் தாத்தா வெட்கப்படுகிறாரா? அது அடிப்பரப்பைப் பெரிதாக்கும் எளிய கருவி என்று விளக்குங்கள். வலது முழங்காலில் வலி என்றால் தடியை இடது கையில் பிடிக்க வேண்டும். இதைப் பலர் அறியார்.

65 வயதைக் கடந்தவர்களும் இயன்றவரை வாரத்துக்கு 150 நிமிடமாவது மிதமான உடலுழைப்பில் ஈடுபடவேண்டும், மூன்று நாளாவது சமநிலைப் பயிற்சி செய்யவேண்டும் என்று அதே நிறுவனம் பரிந்துரைக்கிறது. மருத்துவரைக் கேட்டுத் தொடங்கலாம்.

இன்று மாலை விளையாடப் போகுமுன் பாட்டியின் கையைப் பிடித்துத் தெருமுனைவரை நடந்து வாருங்கள். நீங்கள் படித்த இயற்பியல் வீட்டில் பயன்படட்டும்.