மாண்டானோ, மறைந்தானோ?

கதை முடிந்த பின்னரும் அதனை விடாது பற்றி நின்று, 'அப்பால் என்ன நிகழ்ந்தது?' என வினவுதல் மக்கட்கு இயல்பு. துப்பறியும் நாடகங்களிற் கொடியோன் ஒருவன் மாயுங்கால் அவ்வினா வேறொரு வடிவங் கொள்கின்றது. 'அவன் மெய்யாகவே மாண்டானோ?' என ஐயுறுவார் பலர். 'மாண்டிலன்' எனச் சாதிப்பாரும் உளர். இதனை வீண்பொழுதுபோக்கென்று இகழ்வார் ஒரு சாரார். அறிவிற்கு நற்பயிற்சியென்று புகழ்வார் மற்றொரு சாரார். இவ்விரு திறத்தார் கூற்றுள்ளும் உண்மை எத்துணைத்து என ஆராயப் புகுகின்றோம்.

ஆங்கில ஆசிரியர் ஆர்தர் கானன் டாயில், தாம் படைத்த ஷெர்லாக் ஹோம்ஸ் என்னுந் துப்பறிவோனது கதையை முடித்துவிடக் கருதி, அவனுக்கு ஒத்த மதிநுட்பம் வாய்ந்த மொரியார்ட்டி என்னுங் கொடியோனைப் படைத்தனர். 1893-ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்து 'ஸ்ட்ராண்டு' இதழில், இருவரும் சுவிட்சர்லாந்து தேசத்து ரைக்கன்பாக் அருவியில் ஒருங்கே வீழ்ந்தனர் என்று கதை முடிந்தது. நண்பர் வாட்சன் ஆண்டுக் கண்டவை, விளிம்பை நோக்கிச் சென்று மீளாத அடிச்சுவடுகளும் ஒரு கடிதமும் ஊன்றுகோலுமே. உடலை அவர் கண்டிலர். அவ்விடைவெளியே 1903-ஆம் ஆண்டில் ஹோம்ஸ் உயிரோடு மீளுதற்கு வாயிலாயிற்று. மொரியார்ட்டி பாறையில் மோதி நீருள் அமிழ்ந்ததனையும் ஹோம்ஸின் வாய்மொழியாகவே நாம் அறிகின்றோம்.

இக்கதையை இக்காலத்து இலண்டன் மாநகர்க்கு இயைய ஸ்டீவன் மாஃபட், மார்க் கேட்டிஸ் என்னும் இருவர் 'ஷெர்லாக்' என்னுந் தொலைக்காட்சி நாடகமாக அமைத்தனர், பி.பி.சி. நிறுவனத்தார் அதனை 2010 முதல் 2017 வரை ஒளிபரப்பினர். 2012 ஜனவரி 15-ஆம் நாள் வந்த பகுதியில், மருத்துவமனையொன்றின் மேற்றளத்தில் மொரியார்ட்டி தன் வாயிற் சுட்டுக்கொண்டு வீழ்ந்தான். 2014 ஜனவரி 12-ஆம் நாள் வந்த பகுதியின் இறுதியிலோ, நாடெங்குமுள்ள திரைகளில் அவன் முகந் தோன்றி, தன்னைக் காணாது ஏங்கினீரோ என வினவிற்று. அவ்வளவே, ஊகங்கள் மழைக்காலத்து ஈசல்போற் பெருகின.

அவ்வூகங்களை நம் முன்னோர் வகுத்த அளவைகளாற் சீர்தூக்குதல் தகும். காண்டல், கருதல், உரை என்பன அவை. காண்டலைப் பற்றியோர், 'வெடியோசை கேட்டது, குருதி கண்டோம். ஆயின் நாடி பார்த்தார் எவருமிலர். துப்பாக்கியுட் குண்டு இருந்ததென்பதற்குச் சான்று யாது?' என்றனர். கருதலைப் பற்றியோர், அவன் தன்னை ரிச்சர்ட் புரூக் என்னும் நடிகனென்று முன்னர்ப் பொய் கூறியதை நினைந்து, அப்பெயரினன் ஒருவன் மெய்யாகவே இருந்து அவனுக்கீடாக மாண்டிருத்தல் கூடும் என்றனர். இரட்டைப் பிள்ளையருள் ஒருவன் என்றாரும் உளர். உரையைப் பற்றியோர், நாடக ஆசிரியர் பேட்டிகளிற் கூறிய ஒவ்வொரு சொல்லையுந் துருவினர். இஃதறிந்த ஆசிரியர், 2014-இல் வந்த பகுதியொன்றில் ஊகம் புனைவோர் கூட்டத்தையே பாத்திரங்களாக்கி, அவர்தம் ஊகங்களையும் நடித்துக் காட்டி நகையாடினர்.

விடை பின்னர் வந்தது. 2016 ஜனவரி முதல் நாளன்று வந்த தனிப்பகுதியில், தன்னைச் சுட்டுக்கொண்ட மணமகள் ஒருத்தி மீண்டு வந்த புதிரை ஆய்ந்த ஹோம்ஸ், மொரியார்ட்டி இறந்தது உறுதியென முடித்தான். திரையிற் றோன்றியவை அவன் இறப்பதன் முன் பதிந்துவைத்த காட்சிகளே என 2017 ஜனவரி 15-ஆம் நாள் வந்த இறுதிப்பகுதி விளக்கிற்று.

எனின், ஊகித்தோர் அனைவரும் பேதையரோ? அல்லர். கம்பநாடர் காவியத்துள், இந்திரசித்து மாயாசீதையை வெட்ட, கண்ணாற் கண்ட அனுமனும் அதனை மெய்யென்றே நம்பினான். இராமன் சோர்ந்து வீழ்ந்தான். வீடணன் ஒருவனே ஐயுற்றான். ஐயுற்றதோடு அமையாது, வண்டின் உருக்கொண்டு அசோகவனத்திற்குச் சென்று, பிராட்டி உயிரோடிருத்தலைக் கண்டு மீண்டான். ஐயம், அதன்பின் தேர்வு, அதன்பின் துணிவு என்னும் இம்முறையே அறிவின் நெறி. இங்ஙனம் ஆராயாது பொற்கொல்லன் சொல்லை நம்பிய பாண்டியன் என்னுற்றான் என்பதைச் சிலம்பு பயின்றார் அறிவர். ஆதலின், கண்டதை உடனே நம்பாமை நற்பயிற்சியே என்பது எமது துணிபு. வீடணனும் பிராட்டி வாழ்தலையே விரும்பியிருப்பான். ஆயினும் விரும்பியதையே சான்றாகக் கொண்டிலன். விடை வந்த பின்னரும் ஒருவன் தன் ஊகத்தை விடானாயின், அவன் ஆராய்வோன் அல்லன், ஆசைப்படுவோன்.

இவ்வாசை யார்மேற் செல்கின்றது என்பதையும் நோக்குக. அதே நாடகத்தில், 2010 ஆகஸ்டில் வந்த பகுதியொன்றில், மொரியார்ட்டியின் வெடியால் கண்ணிழந்த மூதாட்டியொருத்தியும் அவளோடு பலரும் மாண்டனர், மாண்டோர் பன்னிருவர். அவள் பிழைத்திருப்பாள் என்று ஊகம் புனைந்தாரை யாம் அறியோம். திறமையும் எழிலும் உடைய கொடியோனுக்கு ஆயிரம் வழி தேடிய நெஞ்சம், அவ்வேழைக்கு ஒரு வழியுந் தேடவில்லை. நாடகத்தின் குற்றமென்பதினும் இதனை நம் குற்றமென்றே கூறவேண்டும்.

எம் ஊராகிய ஜெகதாப்பட்டினம் பாக்கு நீரிணைக் கரையது. கடல்மேற் சென்று மீன்படுத்து வாழ்வார் ஊர். இத்தகைய ஊர்களில் 'மாண்டானோ, மறைந்தானோ?' என்பது விளையாட்டு வினா அன்று. 2017 நவம்பர் இறுதியில் வீசிய ஒக்கிப் புயலிற் கன்னியாகுமரிக் கரையினின்று சென்ற மீனவர் பலர் மீண்டிலர். பலர்தம் உடலும் கிடைத்திலது. உடல் காணாத மனைவி தாலியைக் கழற்றவோ வைத்திருக்கவோ துணியாள். இறப்புச் சான்று இல்லையேல் காப்புறுதிப் பணமும் சொத்துரிமையும் எளிதிற் கைகூடா. ஏழாண்டு செய்தி கிடையாதவன் இறந்தானெனக் கருதலாம் என்பது 1872-ஆம் ஆண்டின் இந்தியச் சாட்சியச் சட்டம் வகுத்த விதி. 2024 ஜூலை முதல் அதனிடத்தே நடைபெறும் புதிய சட்டமும் இதனையே கூறும். பேரிடர்க் காலங்களில் அரசினர் இக்காலத்தைக் குறைத்து உதவுதல் உண்டு. எனினும் ஒருவனுக்காகக் கரையில் நிற்கும் மனத்திற்கு எச்சட்டமும் முற்றும் விடை பகராது.

நண்பர்காள்! நாடகக் கொடியோன் மாண்டானோ என்று விடியுமளவும் வாதிடுக; அதனால் மதி கூர்மையுறும். அங்ஙனம் கூர்மையுற்ற மதியைக் கொண்டு, மெய்யாகவே மீளாதவர்தம் இல்லத்தார்க்கு ஒரு விண்ணப்பம் எழுதிக் கொடுக்கவும், உரிய சான்றுகளைத் திரட்டித் தரவும் முற்படுக. கற்றோர்க்கு இஃது அரிய செயலன்று.