படத்துக்குள் ஒளிந்திருக்கும் எழுத்து



அமெரிக்காவில் காது கேளாத பிள்ளைகளும் டிவி பார்த்துச் சிரிக்கிறார்கள். பேச்செல்லாம் திரையில் எழுத்தாக ஓடுகிறதே! டிஜிட்டல் ஒளிபரப்பில் அந்த எழுத்து, சுருக்கிய வீடியோவுக்குள்ளேயே ஒளிந்து வருகிறது.

2003-ல் வந்த 'எச்.264' என்ற சுருக்கு முறையிலும் இதற்கு இடம் உண்டு. டிவி எழுத்துக்குப் பதிவு பெற்ற குறியீடு இருக்கிறது. மற்றவர்களும் சொந்தக் குறிப்பு வைக்கலாம். முன்னால் 16 பைட் அடையாள எண் போட வேண்டும், அவ்வளவுதான். அந்த எண் புரியாத கருவி, குறிப்பைத் தாண்டிப் போய்விடும். படம் கெடாது. (நல்ல ஏற்பாடு!)

சங்கடமும் இதில்தான். வீடியோவை மறுபடி சுருக்கும்போது, சிலர் கவனிக்காமல் இந்த எழுத்தை விட்டுவிடுகிறார்கள். படம் ஓடுவதால் நமக்கு வித்தியாசமே தெரியாது. காது கேளாத குழந்தைக்கோ பாதிக் கதை போச்சு. அந்தப் பிரதியிலிருந்து அதை மீட்கவும் முடியாது.