முச்சந்தியும் மேடையும்

குற்றாலத்தில் சாரல் விழா நடக்கிற நாட்களில் நண்பர்கள் சிலர் என்னைக் கேட்கிறார்கள்: நாட்டுப்புறக் கலைகள் மேடை ஏறுகின்றன, அரசாங்கமே செலவு செய்கிறது, நீ மட்டும் ஏன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறாய்? பதில் சொல்லவேண்டிய கேள்விதான். விழா நடக்கட்டும். எனக்கு ஆட்சேபம் மேடையின்மீது. மேடையைத் தவிர வேறு இடத்திலும் சங்கீதத்துக்கு இருப்பு உண்டு என்பதை மறந்துவிட்ட நம் பிரக்ஞையின்மீது.

தென்காசிக்குச் சுற்றுப்பட்ட கிராமங்களில் கொடைக்கு நையாண்டி மேளம் வாசிக்கிற இடத்தை யாரும் கட்டியதில்லை. மூன்று தெரு கூடுமிடம். ஒரு பக்கம் மின்கம்பம், ஒரு பக்கம் டீக்கடை பெஞ்சு, மாடு அவிழ்த்துவிட்ட வண்டி ஒன்று. திண்ணைகளிலும் மொட்டைமாடிகளிலும் பெண்கள், வண்டியின்மேல் பையன்கள். நாயனக்காரர் எங்கே நிற்கிறாரோ அது நடு. கரகக்காரி சுழன்று வந்தால் கூட்டம் பின்வாங்கும், விலகினால் மறுபடி நெருங்கும். இந்த அரங்குக்கு மனிதர்களே சுவர். ஆகவே அது மூச்சு விடுகிறது. முன்பக்கம், பின்பக்கம் என்று எதுவும் கிடையாது. இரண்டு நாயனம், இரண்டு தவில், பம்பை, உறுமி, தாளம் எல்லாம் ஒன்றையொன்று பார்த்தபடி நிற்கின்றன. தவில்காரருக்கு நாயனக்காரரின் கண் தெரியவேண்டும். பம்பைக்காரருக்கு ஆடுகிறவளின் கால் தெரியவேண்டும். கூட்டத்தில் ஒருவன் கேலி சொன்னால் அடுத்த அடியிலேயே பதில் உண்டு. நையாண்டி என்ற சொல்லுக்கு அர்த்தமே அதுதானே.

வில்லுப்பாட்டு இன்னும் கறாரானது. கொடையில் வில்லுக்காரர் பாடுவது முதலில் எதிரே இருக்கிற தெய்வத்துக்கு, நாமெல்லாம் ஒட்டுக்கேட்கிறவர்கள். வரத்துப்பாட்டு எவ்வளவு நேரம் நீளும் என்பது சாமியாடிக்குச் சாமி வருவதைப் பொறுத்தது. கணியான் கூத்தில் மகுடத்தை நெருப்பில் காய்ச்சிச் சுருதி ஏற்றுகிறார்கள். அந்த இசைக்கு ஒரு நெருப்பும், அது காயும்வரை காத்திருக்கிற சபையும் வேண்டும். இவையெல்லாம் கலைக்கு வெளியே இருக்கிற சூழ்நிலைகள் என்று நினைப்பவர்கள் உருவம் பற்றி எதுவும் பேசாமலிருப்பது நல்லது. உருவமே இதுதான்.

சில வருஷங்களுக்கு முன் மலையடிவாரத்து ஊர் ஒன்றில் ஒரு விழா மேடையில் இதே மேளத்தைக் கேட்டேன். பதினைந்து நிமிஷம் கொடுத்திருந்தார்கள். ஏழு பேரும் வரிசையாக நிறுத்தப்பட்டு, முன்வரிசை நாற்காலிகளைப் பார்த்து நின்றார்கள். ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியவில்லை. நாயனத்துக்கு ஒரு மைக், தவிலுக்கு ஒரு மைக். பம்பைச் சத்தம் எங்கேயோ போய்விட்டது. பாதியில் ஒரு பிரமுகர் வந்தார். கைகாட்டி நிறுத்தினார்கள். மாலை, பொன்னாடை முடிந்தபின் தொடரச் சொன்னார்கள். அவர்களும் தொடர்ந்தார்கள். அறுந்துபோனது என்ன என்று அந்தச் சபையில் யாரும் கேட்கவில்லை. 'அழிந்துவரும் கலை' என்றார் அறிவிப்பாளர். அழிவதை நேரிலேயே பார்த்துக்கொண்டிருந்தோம்.

தெருவை மட்டமான இடமாக நினைப்பது நமக்குப் புதிதாக வந்த பழக்கம். காருகுறிச்சி அருணாசலம் (1921–1964) கையில் உச்சத்துக்குப் போன நாதஸ்வரம், சுவாமி புறப்பாட்டோடு நடந்து, தெருமுக்குகளில் நின்று நின்று ராகத்தை விரித்த வாத்தியம். குற்றாலக் குறவஞ்சியை எடுத்துக்கொள்ளுங்கள். மேலகரம் திரிகூடராசப்பக் கவிராயர் 18ஆம் நூற்றாண்டில் செய்தது. குற்றாலநாதர் தெருவில் உலா வருகிறார். வசந்தவல்லி தெருவில் பந்தாடுகிறாள். குறத்தியும் தெருவோடுதான் வருகிறாள். தெருவை எடுத்துவிட்டால் அந்த நாடகத்தில் நிகழ்ச்சியே இல்லை. 1944ல் கலாக்ஷேத்திரத்தில் ருக்மிணி தேவி அதை நாட்டிய நாடகமாக்கினார். அழகாகவே செய்தார் என்பதில் தகராறு இல்லை. ஆனால் இன்று குறவஞ்சி என்றதும் நம் மனசில் வருவது திரைச்சீலை, தெரு வருவதில்லை.

மேடை எதையும் கொன்றுவிடும் என்று நான் சூத்திரம் எழுதவில்லை. சாரல் விழா நடக்கிற குற்றாலத்து அரங்கத்துக்கே கலைவாணர் பெயர். என்.எஸ். கிருஷ்ணன் (1908–1957) வில்லை நகரத்து மேடைக்குக் கொண்டுபோனவர். அவருக்குப் பாட்டு எழுதிய சுப்பு ஆறுமுகம் 2022ல் காலமாகும்வரை அதைத் தொடர்ந்தவர். தெய்வம் இருந்த இடத்தில் நாட்டு நடப்பை வைத்தார்கள். அருள் வந்த இடத்தில் சிரிப்பு வந்தது. எதை விடுகிறோம், பதிலுக்கு எதை எடுக்கிறோம் என்று தெரிந்து செய்த காரியம் அது. கலைஞனின் தீர்மானம். இப்போது மேடைகளில் பெரும்பாலும் நடப்பது பந்தல்காரரின் சௌகரியம்.

இதையெல்லாம் ஒரு வயதான பம்பைக்காரரிடம் ஆவேசமாகச் சொன்னேன். பீடியை அணைத்துவிட்டு அவர் கேட்டார்:

"தெருவுல வாசிக்கையில 'ஏலே'ன்னு கூப்பிடுதான். மேடையில ஏத்துனா 'கலைஞர்'ங்கான், துண்டு போடுதான். எனக்கு எது வேணும்னு நீங்களே சொல்லுங்க தம்பி."

என் வாதத்தில் பாதி அங்கேயே சரிந்தது. நான் உருகி உருகிப் பேசிய வட்டத்தில் யார் மண்ணில் நின்றார்கள், யார் திண்ணையில் உட்கார்ந்தார்கள், மேளக்காரருக்கு இலை எந்த மூலையில் விழுந்தது என்பது எனக்குத் தெரியாததா? நான் கேட்டது எங்கள் வீட்டுத் திண்ணையிலிருந்து. முச்சந்தியை அழகியலாக மட்டும் பேசுகிறவன் பொய் சொல்கிறான். நானும் சொல்லியிருக்கிறேன்.

ஆனாலும் மேடை அவருக்குக் கொடுத்தது எவ்வளவு? பதினைந்து நிமிஷக் 'கலைஞர்'. இறங்கி ஊருக்குத் திரும்பினால் அதே 'ஏலே'. சாதியை மேடை தீர்க்கவில்லை. கொஞ்ச நேரம் மூடிவைத்தது. அதற்குக் கூலியாக அவரிடமிருந்து லயத்தைப் பிடுங்கிக்கொண்டது. மரியாதைதான் நோக்கம் என்றால் பிரமுகரைத் தெருவுக்கு இறக்குங்கள். நாற்காலிகளை எடுத்துவிட்டு வட்டமாக நில்லுங்கள். கணக்கு நிமிஷத்துக்கு வேண்டாம், ராத்திரி முழுசுக்கும் கூலி கொடுங்கள். நோட்டீஸில் ஏழு பேரின் பெயரும் இருக்கட்டும். பந்தியில் பக்கத்து இலையில் உட்காருங்கள். நடக்காத காரியம் இல்லை இது. 2015ல் சென்னை ஊரூர் ஆல்காட் குப்பத்தில் மீனவர்களின் குடியிருப்பிலேயே விழா எடுத்தார்கள். கர்நாடக சங்கீதம் கேட்கச் சபாக்காரர்கள் குப்பத்துக்கு நடந்து வந்தார்கள். யார் யாரிடம் போவது என்ற திசை ஒரு தடவையாவது மாறியது.

கடைசியாக நம் விஷயம். ரசிகமணி டி.கே.சி. (1882–1954) திருநெல்வேலியில் தம் வீட்டு வட்டத்தொட்டியில் நண்பர்களைக் கூட்டிவைத்துக் கவிதையை வாய்விட்டுப் படித்து அனுபவித்தார். கவிதைக்கு வட்டம் வேண்டும் என்பது இந்தச் சீமையின் ரஸனைக்குத் தெரிந்திருந்தது. அதைப் பெருமையாகச் சொல்லிக்கொள்கிற நாம், தெருவில் இருந்த இன்னொரு வட்டத்தை என்ன செய்தோம்? 'நாட்டார் கலை' என்று தலைப்புப் போட்டுச் சிறப்பிதழ் கொண்டுவந்தோம். முந்நூறு பிரதி. அதுவும் மேடைதான். எல்லாரும் ஒரே பக்கம் பார்த்து நிற்கிறோம். பம்பைக்காரர் வாசகராகக்கூட அதில் இல்லை.

அவர் கேட்ட கேள்விக்கு இன்னும் என்னிடம் பதில் கிடையாது. அடுத்த கொடைக்கு அவர் வாசிக்க வரும்போது நான் திண்ணையில் உட்காரப்போவதில்லை. அதனால் உலகம் புரண்டுவிடாது. கீழே நின்றால் பம்பை எப்படிக் கேட்கும் என்பதாவது தெரியும்.