ஊரார் பிள்ளை

பொருள் தேடிக் கடல் கடந்து செல்லுதல் தமிழ் மக்களுக்குப் புதியதன்று. பண்டை நாளில் வணிகர் சென்றனர். பின்னாளில் தோட்டத் தொழிலாளர் சென்றனர். இந்நாளில் பொறியாளரும் மருத்துவரும் கணக்கரும் செல்கின்றனர். அங்ஙனம் செல்வோர் பெட்டியில் வைத்துக் கொண்டுபோகும் பொருள்கள் பல. பெட்டியில் வையாமலே உடன் செல்வன இரண்டு. ஒன்று தாய்மொழி, மற்றொன்று பழக்கம். தாய்மொழி சென்ற இடத்தில் துணை செய்யும். பழக்கமோ, நல்லதாயின் பெருமை தரும். தீயதாயின் தலை குனியச் செய்யும். ஒருவருடைய பழக்கம் எத்தகையது என்பதை அளந்து காட்டும் இடங்களுள் தெருவும் ஒன்றாகும்.

சிங்கப்பூர் நகரம் இதற்குத் தக்க எடுத்துக்காட்டு. அங்கு மலாய், சீனம், ஆங்கிலம் ஆகியவற்றுடன் தமிழும் ஆட்சி மொழியாக விளங்குகிறது. வண்டிகளும் இந்தியாவில் செல்வதுபோலவே சாலையின் இடப்புறமாகச் செல்கின்றன. ஆதலின் தமிழ்நாட்டிலிருந்து சென்று குடியேறும் ஒருவருக்கு அந்நகரத்துச் சாலை அயலாகத் தோன்றுவதில்லை. அங்ஙனம் தோன்றாமையே சில வேளைகளில் இடருக்கும் காரணமாகிறது. சாலையின் தோற்றம் ஒத்திருப்பினும், சாலையின் விதிகள் நாட்டுக்கு நாடு வேறுபடும். அந்நகரில் குறிக்கப்பட்ட பள்ளிப் பகுதிகளில், மஞ்சள் விளக்குகள் விட்டுவிட்டு ஒளிரும் நேரத்தில், மணிக்கு 40 கிலோமீட்டருக்கு மேற்பட்ட வேகத்தில் செல்லலாகாது. காரில் ஏறும் குழந்தை 1.35 மீட்டர் உயரம் வளராததாயின், அதற்கு ஏற்ற தனி இருக்கை வேண்டும். குற்றம் செய்யும் ஓட்டுநருக்கு அபராதத்தோடு குற்றப்புள்ளிகளும் இடப்படும். 24 மாதங்களுக்குள் 24 புள்ளிகள் சேருமாயின் வண்டி ஓட்டும் உரிமம் நிறுத்தி வைக்கப்படும்.

அந்நகரில் பணிபுரியும் தமிழ்த் தந்தை ஒருவரை மனக்கண்முன் நிறுத்திப் பார்த்தல் நன்று. ஊரில் பல்லாண்டு வண்டி ஓட்டிப் பழகியவர் அவர். ஒருநாள் காலையில் எட்டு வயது மகளைப் பள்ளிக்கு அழைத்துச் செல்கிறார். புறப்படுமுன் மகளை அவளுக்குரிய இருக்கையில் அமர்த்திப் பட்டையை மாட்டுகிறார். அது தோளில் சரியாகப் படிந்திருக்கின்றதா என்று இருமுறை தொட்டுப் பார்க்கிறார். அன்று சிறிது தாமதமாகிவிட்டது. போகும் வழியில் வேறொரு பள்ளி உள்ளது. அதன் முன்னே மஞ்சள் விளக்குகள் ஒளிர்கின்றன. சாலையைக் கடப்பதற்காகச் சிறுவரும் சிறுமியரும் ஓரத்தில் காத்து நிற்கின்றனர். கார் 58 கிலோமீட்டர் வேகத்தில் அவர்களைக் கடந்து விரைகிறது. சற்று அப்பால் நிற்கும் போக்குவரத்துக் காவலர் கையைக் காட்டி அதனை நிறுத்துகிறார்.

காவலர் வணக்கம் கூறி, உரிமத்தைக் கேட்டு வாங்கி, தம் கருவியில் பதிந்த வேகத்தையும் காட்டுகிறார். தாமதமாகிவிட்டது என்கிறார் தந்தை. நாட்டுக்குப் புதியவர் என்று தம்மைச் சொல்லிக்கொள்கிறார். அப்பொழுது காவலரின் மார்பில் உள்ள பெயர் அவர் கண்ணில் படுகிறது. அது தமிழ்ப் பெயர். அவர் முகம் மலர்கிறது. பேச்சு ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கு மாறுகிறது.

“தம்பி தமிழ்ப் பிள்ளையா? நம்மவர் ஒருவர் இருக்கும்போது எனக்கு என்ன கவலை! இந்த ஒருமுறை விட்டுவிடலாகாதா?”

காவலரும் தமிழிலேயே விடை கூறுகிறார். “ஐயா, மொழி நம் இருவர்க்கும் பொது. சட்டமும் அப்படியே. நீங்கள் தமிழில் கேட்டதனால் நானும் தமிழில் சொல்கிறேன். வேறு எதனையும் மாற்ற என்னால் இயலாது.”

தந்தையின் கை மெல்லச் சட்டைப் பையை நோக்கிச் செல்கிறது. காவலர் குரலை உயர்த்தவில்லை. “வேண்டா, ஐயா. அந்தக் கை பைக்குள் போனால் இது வேகக் குற்றத்தோடு நில்லாது. பின்னால் குழந்தை பார்த்துக்கொண்டிருக்கிறாள்” என்று மட்டும் சொல்கிறார்.

சென்ற கை நின்ற இடத்திலேயே நின்றுவிடுகிறது. அப்பொழுது பின்னிருக்கையிலிருந்து மகளின் குரல் எழுகிறது. “அப்பா, எனக்குப் பட்டை மாட்டினீர்களே. அங்கே நின்ற பிள்ளைகளுக்குப் பட்டை ஏது?”

தந்தை விடை கூறவில்லை. குற்றம் தம்முடையதே என்று காவலரிடம் ஒப்புக்கொண்டு, அவர் கொடுத்த சீட்டைப் பெற்றுக்கொள்கிறார். அங்கிருந்து மகளின் பள்ளி வரையில் அவர் வண்டி 40 கிலோமீட்டரைத் தாண்டவில்லை.

அச்சிறுமி கேட்டது சிறுபிள்ளைப் பேச்சாகத் தோன்றலாம். ஆனால் போக்குவரத்துச் சட்டம் முழுவதும் அந்த ஒரு வினாவிற்கு விடை கூறவே எழுந்தது எனலாம். தன் பிள்ளைக்குத் தந்தை பட்டை மாட்டுகிறான். சாலையில் நிற்கும் ஊரார் பிள்ளைக்குச் சட்டமே பட்டை. அப்பட்டையை அறுப்பவன் தன் மகளை எவ்வளவு அன்போடு அமர்த்தியிருப்பினும், அவனுடைய அன்பு பாதி அன்பே ஆகும்.

“பதினெட்டுக் கிலோமீட்டர் மிகுந்தது ஒரு பெருங்குற்றமா?” என்று கேட்பார் உளர். கணக்கே இதற்கு விடை கூறும். மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வண்டி ஒரு நொடியில் ஏறக்குறைய 11 மீட்டர் செல்லும். 58 கிலோமீட்டர் வேகத்தில் செல்வது 16 மீட்டர் செல்லும். குழந்தை ஒன்று குறுக்கே ஓடிவருவதைக் கண்ட ஓட்டுநரின் கால் பிரேக்கை அழுத்துவதற்கு ஒரு நொடியேனும் ஆகும். அந்த ஒரு நொடியிலேயே விரைந்த வண்டி 5 மீட்டர் மிகுதியாகச் சென்றுவிடுகிறது. பிரேக்கை அழுத்திய பின்னரும் வண்டி உடனே நின்றுவிடாது. நிற்பதற்கு வேண்டும் தொலைவு வேகத்தின் வர்க்கத்திற்கு ஏற்பக் கூடும். ஆதலின் வேகம் ஒன்றரை மடங்கு கூட ஆகாத நிலையிலும், அத்தொலைவு இரு மடங்கிற்கு மேல் ஆகிவிடுகிறது. உலக நலவாழ்வு நிறுவனம் 2023-ஆம் ஆண்டில் வெளியிட்ட அறிக்கையின்படி, ஓராண்டில் ஏறத்தாழ 11,90,000 பேர் சாலை விபத்துகளில் உயிர் இழக்கின்றனர். 5 முதல் 29 வயது வரை உள்ளோர் இறப்பதற்கு முதற்காரணம் சாலை விபத்தே என்றும் அவ்வறிக்கை கூறுகிறது. இவ்வுண்மைகளை அறிந்தோர் பதினெட்டைச் சிறிய எண் என்று கூறார்.

“அயல் நாட்டில் பிழைக்கச் சென்றவரிடம் இவ்வளவு கண்டிப்பு வேண்டுமா?” என்பது மற்றொரு வினா. இதில் ஓர் உண்மை அடங்கியுள்ளது. வேற்று நாட்டில் காவலர் கை காட்டியவுடன் அங்குக் குடியேறியவர் நெஞ்சில் எழும் அச்சம், அந்நாட்டார் நெஞ்சில் எழும் அச்சத்தினும் பெரிது. உரிமம் போய்விடுமோ, வேலை போய்விடுமோ, குடும்பத்தோடு திரும்ப நேருமோ என்று ஒரு நொடியில் பலவும் எண்ணி அவர் கலங்குவார். காவலராயிருப்போர் அக்கலக்கத்தை அறிந்து இன்சொல் கூறுதல் வேண்டும். நிறத்தையோ நாட்டையோ கண்டு ஒருவரை நிறுத்தி வருத்துவாராயின், அது சட்டத்தைக் காப்பது ஆகாது. சட்டத்தின் பெயரால் செய்யும் தீமையே ஆகும். அத்தீமையைத் துணிந்து எடுத்துரைத்து முறையிடும் உரிமை குடியேறியவருக்கும் உண்டு.

அந்த உரிமையை நாடுவோர் மற்றொன்றையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும். “தமிழன் என்பதற்காக என்னை விட்டுவிடு” என்று கேட்பவன், “தமிழன் என்பதற்காக இவனைப் பிடித்துக்கொள்” என்று வேறொருவன் சொல்லும் நாளில் என்ன மறுமொழி கூற இயலும்? இனம் பார்த்துக் காட்டும் சலுகையும், இனம் பார்த்துச் செய்யும் கொடுமையும் ஒரே மரத்தின் இரு கிளைகள். ஒன்றை வேண்டுவோர் மற்றொன்றை மறுக்கும் வலிமையை இழக்கின்றனர். சிறுபான்மையாய் வாழும் மக்களுக்குச் சட்டத்தின் பொதுமையே பெருந்துணை. அதனைத் தம் கையாலேயே தளர்த்துதல் குடியிருக்கும் வீட்டின் தூணைச் சாய்ப்பது போன்றது.

கையூட்டும் இத்தகையதே. சிங்கப்பூரில் 1960-ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட ஊழல் தடுப்புச் சட்டத்தின்படி, வாங்குபவரோடு கொடுப்பவரும் குற்றவாளியாவார். அக்குற்றத்திற்கு 1,00,000 வெள்ளி வரை அபராதமோ, ஐந்தாண்டு வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கப்படலாம். எனினும் தண்டனைக்கு அஞ்சி மட்டும் கையை அடக்குவது சிறப்பன்று. பின்னிருக்கையில் அமர்ந்திருக்கும் குழந்தை தந்தையின் சொல்லிலிருந்து கற்பதினும் அவர் கையிலிருந்து கற்பது மிகுதி. பள்ளியில் ஓராண்டு ஓதிய அறத்தை, சாலையோரத்தில் நீளும் ஒரு கை ஒரு நொடியில் அழித்துவிடும்.

சட்டத்தின் பொதுமையைத் தமிழர் பிற நாட்டாரிடம் சென்று கற்க வேண்டியதில்லை. சாலையில் நேர்ந்த ஓர் உயிரிழப்பே தமிழ் நாட்டின் புகழ் பெற்ற நீதிக் கதையாக விளங்குகிறது. திருவாரூரில் சோழ மன்னன் மகன் தேர் ஊர்ந்து சென்றான். துள்ளி வந்த பசுங்கன்று ஒன்று தேர்க்காலில் அகப்பட்டு மாண்டது. தாய்ப்பசு அரண்மனை வாயிலை அடைந்து ஆராய்ச்சி மணியை அசைத்தது. இச்செய்தியைச் சிலப்பதிகாரம் சுட்டுகிறது. பெரியபுராணம் விரித்து உரைக்கிறது. அரசிளங்குமரன் அறியாது செய்த பிழை அது. தேர் ஓட்டியவன் மன்னனின் ஒரே மகன். மாண்டதோ வாய் பேசாத கன்று. ஆயினும் மன்னன் தன் மகனுக்கு ஒரு நீதியும் பசுவின் மகவுக்கு ஒரு நீதியும் வகுக்கவில்லை. கன்றை இழந்த பசுவின் துயரைத் தானும் அடைதலே முறை என்று துணிந்து, தன் மகன்மேல் தானே தேரைச் செலுத்தினான். அக்கதையை நினைவூட்டும் கல்தேர் இன்றும் திருவாரூரில் நிற்கிறது.

உயிருக்கு உயிர் வாங்கும் அத்தண்டனை இக்காலத்திற்கு ஏற்றதன்று. அதனை யாரும் வேண்டவும் இல்லை. கதையின் கடுமையை நீக்கி அதன் உட்பொருளைக் கொள்ளுதலே அறிவுடைமை. தன் பிள்ளையும் பிறர் பிள்ளையும் தெருவில் ஒன்றே என்பது அவ்வுட்பொருள். சாலையோரத்துக் காவலர் தமிழ்த் தந்தைக்கு எடுத்துக் காட்டியதும் அதுவே. கடல் கடந்து கேட்டமையால் அது அயலார் நீதியாகிவிடாது.

இங்கே வேறொரு குறையையும் கூறாமல் விடுதல் ஆகாது. வெளிநாட்டில் விதியை வழுவாமல் ஓட்டுவோருள் சிலர், விடுமுறைக்குத் தாய்நாடு வந்தவுடன் எதிர்த்திசையில் வண்டியைச் செலுத்துகின்றனர். சிவப்பு விளக்கு எரிகையிலேயே பாய்கின்றனர். “இங்கே எல்லாரும் இப்படித்தான்” என்பது அவர்கள் கூறும் காரணம். இந்தியாவில் 2022-ஆம் ஆண்டில் மட்டும் 1,68,491 பேர் சாலை விபத்துகளில் மாண்டனர். “எல்லாரும் இப்படித்தான்” என்னும் சொல்லுக்கு நாடு கொடுத்த விலையில் அவ்வுயிர்களுள் பலவும் அடங்கும். சட்டம் இங்கும் இல்லாமல் இல்லை. 2019-ஆம் ஆண்டில் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டம், பதினான்கு வயது நிரம்பாத குழந்தையைப் பட்டையோ தக்க இருக்கையோ இன்றிக் காரில் அழைத்துச் செல்லும் ஓட்டுநருக்கு 1,000 ரூபாய் அபராதம் விதிக்கிறது. குறைவது சட்டமன்று, காவலர் இல்லாத இடத்திலும் அதனைக் காக்கும் உள்ளமே குறைகிறது. காவலரைக் கண்டு குறையும் வேகம் அச்சத்தின் அளவு. குழந்தையைக் கண்டு குறையும் வேகமே அறத்தின் அளவு.

அத்தந்தை அடுத்த விடுமுறையில் மகளுடன் சென்னைக்கு வருவதாகக் கொள்ளலாம். ஒரு பள்ளிக்கு முன்னே வண்டி வருகிறது. அங்கு மஞ்சள் விளக்கு இல்லை, வேகம் அளக்கும் கருவியும் இல்லை, காவலரும் இல்லை. பின்னால் வரும் வண்டிகள் ஓயாமல் ஒலி எழுப்புகின்றன. பள்ளி வாயிலில் புத்தகப் பையுடன் பிள்ளைகள் நிற்கின்றனர். தந்தை வண்டியை மெல்ல நிறுத்தி, அவர்கள் கடக்குமாறு கையைக் காட்டுகிறார். முன்பு சட்டைப் பையை நோக்கிச் சென்ற கை அதுவே. மகள் இம்முறை வினா ஒன்றும் எழுப்பவில்லை.

ஊரார் பிள்ளையை ஊட்டி வளர்த்தால் தன் பிள்ளை தானே வளரும் என்பது தமிழ் மக்களின் பழமொழி. ஊட்டி வளர்க்க எல்லார்க்கும் இயலாது போகலாம். ஊரார் பிள்ளை தெருவைக் கடந்து வீடு சேரும் வரையில் சற்றுக் காத்திருத்தல் யாவர்க்கும் இயலும்.