மாட்டுக்குக் கேட்டேன், மனுசனுக்குக் கேட்டேனா?

வங்கியில் இருந்த காலத்தில், கறவை மாட்டுக் கடன் கேட்டு வருகிறவரிடம் நான் முதலில் கேட்பது, "இன்சூரன்ஸ் போட்டாச்சா? காதுல வில்லை இருக்கா?" என்பதுதான். ஓய்வுக்குப் பிறகு இயற்கை விவசாயத்துக்கு வந்தேன். நாலு மாடு, தீவனம் வெட்ட ஒரு மிஷின். மாடுகளுக்குக் காப்பீடு இருந்தது. மிஷினில் தட்டு தள்ளுகிறவருக்கு இல்லை.

போன வருசம் அந்த மிஷினில் அவருடைய இரண்டு விரல்கள் போய்விட்டன. ஆஸ்பத்திரிச் செலவு முழுவதும் கொடுத்தேன். நம்ம கடமை முடிஞ்சதுன்னு நெனச்சேன். பிறகு சட்டத்தைப் படித்தபோதுதான், பாதிகூட முடியவில்லை என்று தெரிந்தது.

தொழிலாளர் இழப்பீடு ஆலைகளுக்கு மட்டும்தான் என்று நம்மில் பலர் நினைக்கிறோம். 1923-ஆம் ஆண்டுச் சட்டத்தின் பட்டியலிலேயே டிராக்டர், மின்கருவி கொண்டு செய்யும் விவசாயம், கிணறு தோண்டுதல், மரம் வெட்டுதல் எல்லாம் உண்டு.

கணக்கைப் பாருங்கள். அவருக்கு வயது 40, மாதக் கூலி 15,000 ரூபாய். அதில் 60 சதவீதம் 9,000. வயதுக்குரிய காரணி 184.17. இரண்டையும் பெருக்கி, இரு விரல் இழப்புக்கு 20 சதவீதம் எடுத்தால் 3,31,506 ரூபாய். உயிரே போயிருந்தால் 13,81,275. ஒரு மாதத்துக்குள் கொடுக்காவிட்டால் 12 சதவீத வட்டி. வைப்புத்தொகை ஒன்றை உடைத்துத்தான் கொடுத்தேன்.

கணக்கில் எடுக்கும் கூலியின் உச்சவரம்பு 2020 ஜனவரியில் 8,000-லிருந்து 15,000 ஆனது. 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பில், வேலைக்கு வரும் வழியில் நடக்கும் விபத்தும், வேலையோடு தொடர்பிருந்தால், சேர்கிறது. நம் பொறுப்பு கூடிக்கொண்டேதான் போகிறது.

"இருபது ரூபா பிரதமர் விபத்துக் காப்பீடு இருக்கே" என்பார்கள். நல்லதுதான், எல்லாருக்கும் போடுங்கள். ஆனால் அந்த 2 லட்சம் அவருடைய சொந்தக் காப்பீடு; முதலாளியின் பொறுப்பை அது தீர்க்காது. அதற்குத் தனி பாலிசி வேண்டும். பிரீமியம், நாம் காட்டும் கூலித் தொகையை வைத்துத்தான். குறைத்துக் காட்டினால் பிரீமியம் குறையும், விபத்தன்று மிச்சம் நம் தலையில். மருத்துவச் செலவு சேருமா என்றும் கேட்டு வாங்குங்கள்.

சிறு விவசாயிக்கு இது சுமைதான், மறுக்கவில்லை. குறுவை நெல்லுக்குப் பயிர்க் காப்பீட்டில் நாம் 2 சதவீதம் கட்டினால் மீதியை அரசுகள் கட்டுகின்றன. அறுக்கிற கைக்கும் அப்படிக் கட்டச் சொல்லி நம் இயக்கம் கேட்க வேண்டும். அதுவரை பிரீமியத்தைச் சாகுபடிச் செலவில் எழுதி, விலையில் சேருங்கள்.

நஞ்சில்லா அரிசி என்று பையில் அச்சடிக்கிறோம். அதை விளைவித்தவர் விரல் போய் வீட்டில் உட்கார்ந்திருந்தால், அந்த அரிசி எப்படிங்க சுத்தமாகும்?