மைல்ஸ் உங்க சேமிப்பு இல்ல, அவங்க கடன்!



ஜூலை மாசம் எங்க சாந்தோம் ஆபீஸ்ல உட்கார நாற்காலி கிடைக்காது. ரிட்டர்ன் ஃபைலிங் சீசன். அந்தக் கூட்டத்துல ஒரு தம்பி வந்திருந்தார். வயசு 27, ஓ.எம்.ஆர்.ல ஐ.டி. வேலை. ஃபார்ம் 16 வேலை முடிஞ்சதும் போனை என் பக்கம் நீட்டி, "சார், ஒரே வருஷத்துல ஒன்பது தடவை வெளிநாடு போயிட்டு வந்துட்டேன். இதுல எந்த பாயின்ட் ஸ்கீம் பெஸ்ட்?"னு கேட்டார்.

பார்த்தேன். அஞ்சு ஏர்லைன் ஆப், நாலு ஹோட்டல் ஆப். ஒவ்வொண்ணுலயும் கொஞ்சம் கொஞ்சம். எதுலயும் போய்வர ஒரு இலவச டிக்கெட்டுக்குத் தேவையான அளவு இல்ல. அதுல ஒரு கணக்கு மூணு மாசத்துல காலாவதி. "இதெல்லாம் எதுக்கு சேர்க்கறீங்க?"ன்னு கேட்டேன். "அம்மா இதுவரைக்கும் ஃபிளைட்ல ஏறினதே இல்ல சார். ஒரு தடவை கூட்டிட்டுப் போகணும்."

"எது பெஸ்ட்"னு பட்டியல் போட்டு நிறைய வீடியோ இருக்கு. நான் இன்னைக்குச் சொல்லப் போறது வேற. ஒரு ஆடிட்டரா, இந்த பாயின்ட்டை அந்தக் கம்பெனியோட கணக்குப் புத்தகத்துல எப்படி எழுதறாங்கன்னு எனக்குத் தெரியும். அதைப் புரிஞ்சுக்கிட்டா எதைத் தேர்ந்தெடுக்கணும்ங்கற கேள்விக்குப் பாதி பதில் அங்கேயே கிடைச்சுடும்.

அவங்க புத்தகத்துல உங்க மைல்ஸ்

இந்தியாவுல பெரிய கம்பெனிகள் வருமானத்தைக் கணக்குல எழுதறதுக்கு 'இண்ட் ஏஎஸ் 115'னு ஒரு விதி இருக்கு. 2018 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில இருக்கு. அதன்படி நீங்க 60,000 ரூபாய்க்கு டிக்கெட் வாங்கினா, முழுப் பணத்தையும் ஏர்லைன் உடனே வருமானமா காட்ட முடியாது. அதோட கொடுத்த மைல்ஸுக்குன்னு ஒரு பங்கு, உதாரணத்துக்கு 3,000 ரூபாய்னு வெச்சுக்கோங்க, பொறுப்பா, அதாவது உங்களுக்குத் தர வேண்டிய பாக்கியா நிக்கும். நீங்க மைல்ஸைப் பயன்படுத்தும்போதுதான் அது வருமானமா மாறும்.

இங்கதான் விஷயம். எல்லாரும் பயன்படுத்த மாட்டாங்கன்னு அவங்களுக்கு நல்லாவே தெரியும். எத்தனை சதவீதம் கேட்கப்படாமலே போகும்னு முன்கூட்டியே மதிப்பிட்டு, அதையும் வருமானக் கணக்குல சேர்க்கறாங்க. இதுக்குப் பேர் 'பிரேக்கேஜ்'. நீங்க மறந்துபோற மைல்ஸ் அவங்களுக்கு எதிர்பாராத அதிர்ஷ்டம் இல்ல, பட்ஜெட்லயே இருக்கற வரவு.

இந்த ஸ்கீம்களோட மதிப்பு எவ்வளவுன்னு தெரியணுமா? 2020ல கோவிட் வந்து விமானங்கள் தரையில நின்னப்ப, அமெரிக்காவோட யுனைடெட் ஏர்லைன்ஸ் தன்னோட மைலேஜ்பிளஸ் திட்டத்தை அடமானமா வெச்சு 680 கோடி டாலர் திரட்டுச்சு. பாயின்ட் உங்க பேர்ல இருக்கலாம். அடமானம் வைக்கற அளவுக்குச் சொத்து அவங்களோடது.

தி.நகர் நகைக்கடையில மாசச் சீட்டு கட்டறவங்களுக்கு இது சுலபமா புரியும். பணம் அந்தக் கடைக்குள்ளதான் செல்லும். ஆனா நகைச்சீட்டுல தங்கம் விலைன்னு ஊருக்கே தெரிஞ்ச ஒரு அளவுகோல் இருக்கு. மைல்ஸுக்கு அதுவும் கிடையாது. ஒரு சீட்டுக்கு எத்தனை மைல்ஸ்னு விலை வைக்கறதும் அவங்கதான், மாத்தறதும் அவங்கதான். மேரியட் 2022 மார்ச்ல, எந்த ஹோட்டலுக்கு எத்தனை பாயின்ட்னு நிலையா இருந்த அட்டவணையையே எடுத்துட்டாங்க. இப்ப தேதிக்குத் தேதி விலை மாறும்.

கடையே மூடினா? கிங்ஃபிஷர் 2012 அக்டோபர்ல நின்னுச்சு. கிங் கிளப் மைல்ஸ் வெச்சிருந்தவங்களுக்கு ஏறுறதுக்கு அந்த விமானமே இல்ல. ஜெட் ஏர்வேஸ் 2019 ஏப்ரல் 17ல கடைசியா பறந்துச்சு. ஜெட்பிரிவிலேஜ் தனிக் கம்பெனியா இருந்ததால பாயின்ட் தப்பிச்சுது, பின்னாடி இன்டர்மைல்ஸ்னு பேரும் மாறுச்சு. ஆனா எந்த விமானத்துல போகலாம்னு சேர்த்தாங்களோ அது இல்ல.

அதனால என் கருத்து இதுதான்: எந்த ஸ்கீம்ல அதிகமா சேரும்னு பார்த்துத் தேர்ந்தெடுக்காதீங்க. எதுல சீக்கிரமா செலவழிக்க முடியும்னு பார்த்துத் தேர்ந்தெடுங்க.

சென்னையிலிருந்து யாருக்கு எது?

முதல்ல உங்க கடந்த ஒரு வருஷப் பயணத்தை ஒரு பேப்பர்ல எழுதுங்க. எந்த ஊர், எத்தனை தடவை, கம்பெனி டிராவல் டெஸ்க் வழக்கமா எந்த விமானம் போடறாங்க. விளம்பரம் என்ன சொல்லுதுங்கறது முக்கியமில்ல. மீனம்பாக்கத்துல நீங்க எந்த கவுன்டர் முன்னாடி நிக்கறீங்கங்கறதுதான் முக்கியம்.

ஃபிராங்க்ஃபர்ட், சிங்கப்பூர், பாங்காக் அதிகமா போறவங்களுக்கு ஸ்டார் அலையன்ஸ். லுஃப்தான்சா, சிங்கப்பூர் ஏர்லைன்ஸ், தாய், ஏர் இந்தியா எல்லாம் ஒரே கூட்டணி. ஏர் இந்தியா 2014 ஜூலையில அதுல சேர்ந்துச்சு. 2024 நவம்பர்ல விஸ்தாரா அதோட இணைஞ்சப்ப கிளப் விஸ்தாரா பாயின்ட்டும் அங்க வந்துடுச்சு. இப்ப அந்தத் திட்டத்துக்குப் பேர் மகாராஜா கிளப்.

லண்டன், தோஹா, கொழும்பு, கோலாலம்பூர், ஹாங்காங்னா ஒன்வேர்ல்ட். பிரிட்டிஷ் ஏர்வேஸ், கத்தார், ஸ்ரீலங்கன், மலேசியா, கத்தே பசிபிக் எல்லாம் அதுல. பிரிட்டிஷ் ஏர்வேஸ், கத்தார் ரெண்டுக்கும் ஏவியோஸ்ங்கற ஒரே பாயின்ட். இங்கேருந்து அங்க மாத்திக்கலாம்.

துபாய் போறவங்க, துபாய் வழியா அமெரிக்கா போறவங்க எமிரேட்ஸ்ல இருப்பீங்க. அது எந்தக் கூட்டணியிலயும் இல்ல. உங்க பயணத்துல பெரும்பங்கு அதுதான்னா மட்டும் ஸ்கைவர்ட்ஸ் வெச்சுக்கோங்க. இண்டிகோவோட புளூசிப்பும் அப்படித்தான், உள்நாட்டுப் பயணம் அதிகம்னா சரி.

கூட்டணின்னா என்ன லாபம்? லுஃப்தான்சாவுல பறந்தாலும் ஏர் இந்தியா நம்பரைக் கொடுக்கலாம், சிங்கப்பூர் ஏர்லைன்ஸ்ல பறந்தாலும் அதே நம்பரைக் கொடுக்கலாம். எல்லாம் ஒரே கணக்குல விழும். நம்ம தம்பி ஃபிராங்க்ஃபர்ட் நாலு தடவை, சிங்கப்பூர் மூணு தடவை போயிருக்கார். ஏழும் ஒரே கணக்குக்குப் போயிருக்கலாம். ஒவ்வொரு தடவையும் அந்தந்த ஏர்லைன் ஆப்ல புதுசா பதிவு பண்ணிப் பிரிச்சுட்டார். ஒரு எச்சரிக்கை: ரொம்ப மலிவான டிக்கெட் வகைகளுக்குக் கூட்டணி ஏர்லைன்ல மைல்ஸ் குறைவா வரும், சிலதுக்கு வரவே வராது. டிக்கெட்ல இருக்கற புக்கிங் கிளாஸ் எழுத்தைப் பார்த்துக்கோங்க.

காலாவதி விதியும் பாருங்க. சிங்கப்பூர் ஏர்லைன்ஸோட கிரிஸ்ஃபிளையர் மைல்ஸ் மூணு வருஷத்துல போயிடும், நடுவுல நீங்க பறந்தாலும் சரி. ஏவியோஸ்ல 36 மாசத்துக்குள்ள ஒரு தடவை சேர்த்தாலோ செலவழிச்சாலோ உயிரோட இருக்கும். வருஷத்துக்கு ரெண்டு தடவை போறவருக்கும் பத்து தடவை போறவருக்கும் இந்த ஒரு வித்தியாசமே முடிவை மாத்தும்.

இன்னொண்ணு, மைல்ஸைவிட ஸ்டேட்டஸ் பெரிசு. ஸ்டார் அலையன்ஸ் கோல்டு கிடைச்சா எகானமி டிக்கெட்லயும் லவுஞ்ச், கூடுதல் லக்கேஜ், முன்னுரிமை செக்-இன். ராத்திரி ரெண்டு மணி ஃபிளைட்டுக்குக் காத்திருக்கறவங்களுக்கு அதோட அருமை தெரியும். பயணத்தை அஞ்சு இடத்துல சிதறவிட்டா இது என்னைக்கும் வராது.

ஹோட்டல் கணக்கு வேற

ஆன்சைட் போய் ஒரு மாசம் தங்கறவங்களுக்கு ஏர்லைனைவிட ஹோட்டல் ஸ்டேட்டஸ் சுலபம். மேரியட் பான்வாய்ல 10 இரவு சில்வர், 25 கோல்டு, 50 பிளாட்டினம். ஒரே புராஜெக்ட்ல கோல்டு வந்துடும். ஆனா இலவசக் காலை டிபன்னு நினைச்சு 50 இரவுக்குத் துரத்தாதீங்க. காலைச் சாப்பாட்டுக்குத்தான் கம்பெனி பெர் டியம் கொடுக்குதே!

கிளையன்ட் ஆபீசுக்குப் பக்கத்துல, உங்க கம்பெனி கார்ப்பரேட் ரேட் பேசி வெச்சிருக்கற ஹோட்டல் எதுவோ, அந்தக் குழுமத்தோட திட்டம் போதும். வெளி வெப்சைட்ல புக் பண்ணினா பெரும்பாலும் பாயின்ட் வராது.

அப்புறம் கார்டு. உங்க சொந்த கிரெடிட் கார்டுல 80,000 ரூபாய் ஹோட்டல் பில்லை வெளிநாட்டுல தேய்ச்சா, நிறைய கார்டுகள்ல 3.5 சதவீதம் ஃபாரக்ஸ் மார்க்கப், அதுமேல 18 சதவீதம் ஜி.எஸ்.டி. மொத்தம் 3,304 ரூபாய். ரிவார்டு 1.5 சதவீதம்னா 1,200 ரூபாய். கிளெய்ம் பண்ணும்போது கார்டு ஸ்டேட்மென்ட்டை இணைக்கலைன்னா மிச்சம் உங்க பாக்கெட்லேருந்து போகும். கம்பெனி பணம் தாமதமாகி நீங்க மினிமம் டியூ மட்டும் கட்டினா, மாசம் 3.5 சதவீத அளவுல வட்டி. வருஷத்துக்கு 42. எந்த மைல்ஸும் அதை ஈடுகட்டாது.

இது யாரோட பணம்?

இதைப் பத்தி யாரும் பேசறதில்ல. டிக்கெட்டுக்குப் பணம் கட்டினது கம்பெனி, மைல்ஸ் உங்களுக்கு. சரியா?

மத்திய அரசு ஊழியர்களுக்கு இதுல குழப்பமே இல்ல. நிதி அமைச்சகத்தோட செலவினத் துறை 2008 செப்டம்பர்லயே சொல்லிடுச்சு: அலுவல் பயணத்துல வந்த மைலேஜ் அலுவல் பயணத்துக்கு மட்டும்தான். 2017 ஜூலை உத்தரவுல, சொந்தப் பயணத்துக்குப் பயன்படுத்தினா துறை நடவடிக்கைன்னும் இருக்கு. ஜெர்மனியில 2002ல பெர்லின் மாநிலப் பொருளாதார அமைச்சரா இருந்த கிரிகோர் கீசி, அரசுமுறைப் பயண மைல்ஸை சொந்தத்துக்குப் பயன்படுத்தின விவகாரத்துல பதவியையே விட்டார். அந்த நாட்டுத் தொழிலாளர் உச்ச நீதிமன்றம் 2006ல, நிறுவனம் காசு கொடுத்த பயணத்தோட மைல்ஸை நிறுவனத்துக்காகப் பயன்படுத்தச் சொல்லிக் கேட்க முதலாளிக்கு உரிமை உண்டுன்னு தீர்ப்பு சொல்லுச்சு.

தனியார் கம்பெனிகள் நிறைய பேர் ஊழியரே வெச்சுக்கட்டும்னு விட்டுடறாங்க. வீட்டை விட்டு, தூக்கத்தை விட்டு அலையறது நீங்கதானே. அது நியாயம்னுதான் நானும் நினைக்கறேன். ஆனா உங்க கம்பெனி டிராவல் பாலிசியை ஒரு தடவை படிச்சிடுங்க. அப்புறம் ஒரு கோடு உண்டு: மைல்ஸுக்காக விலை கூடின டிக்கெட்டைக் கேட்டு வாங்காதீங்க. நேர் விமானம் இருக்கும்போது சுத்திப் போகாதீங்க. வந்த மைல்ஸ் சலுகை. மைல்ஸுக்காகக் கம்பெனி பணத்தைச் செலவு பண்ண வைக்கறது வேற விஷயம். ஆடிட்ல முதல்ல கண்ணுல படறதும் அதுதான்.

நான் பண்ணின தப்பு

நான் வேலைக்குச் சேர்ந்த புதுசுல ஒரு நிறுவனத்துக்காக அடிக்கடி வெளிநாடு போனேன். ஒரு ஏர்லைன்ல 41,000 மைல்ஸ். அப்பா அம்மாவை சிங்கப்பூர் கூட்டிட்டுப் போக எகானமிக்குப் போதும். "இன்னும் கொஞ்சம் சேரட்டும், அப்பாவை பிசினஸ் கிளாஸ்லயே கூட்டிட்டுப் போறேன்"னு காத்திருந்தேன். காலாவதி மெயில் புரமோஷன் டேப்ல விழுந்திருக்கு. பார்க்கல. மொத்தமும் போச்சு. பணம் கொடுத்து டிக்கெட் வாங்கியிருக்கலாம். அடுத்த வருஷம் பார்த்துக்கலாம்னு விட்டேன். அந்த அடுத்த வருஷம் அப்பாவுக்கு இதய ஆபரேஷன். இப்ப அவரோட பயணம் சாந்தோம்லேருந்து கபாலீஸ்வரர் கோயில் வரைக்கும்தான், அதுவும் ஆட்டோவுல.

அதனாலதான் சொல்றேன். ஒரு அலையன்ஸ், ஒரு ஹோட்டல் குழுமம், ஒரு தேதி. ஒவ்வொரு ஜூலையும் ரிட்டர்ன் ஃபைல் பண்ற அன்னைக்கே மைல்ஸ் இருப்பையும் காலாவதியையும் பாருங்க. செலவழிக்கும்போது ஒரு சின்னக் கணக்கு: டிக்கெட் விலை 30,000. மைல்ஸ்ல எடுத்தா 25,000 மைல்ஸ், கூட 8,000 ரூபாய் வரி. மிச்சமாகறது 22,000. ஒரு மைலுக்கு 88 பைசா. அடுத்த தடவை இதே மாதிரி போட்டு ஒப்பிடுங்க. ரொம்ப மோசமா இல்லைன்னா எடுத்துடுங்க. உச்ச விலைக்குக் காத்திருக்க இது ஷேர் இல்ல.

நம்ம தம்பி கணக்கைத் திரும்பப் பார்த்தோம். காலாவதி ஆகப் போற அந்தக் கணக்குல சிங்கப்பூருக்கு ஒரு ஆள், ஒரு வழி டிக்கெட் வருது. அந்தத் திட்டத்துல புக் பண்ற தேதிதான் கணக்கு, பயணம் பின்னாடி இருக்கலாம். "அம்மாவுக்குப் போறதுக்கு மைல்ஸ்ல எடுங்க. திரும்பி வரவும், உங்க டிக்கெட்டுக்கும் பணம் கொடுத்து வாங்குங்க. இந்த வருஷமே போயிட்டு வந்துடுங்க"ன்னேன்.

"சரி சார்"னு எழுந்தவர் கதவுகிட்ட நின்னுட்டார். "சார், அம்மாவுக்கு பாஸ்போர்ட்டே இல்ல."

1,500 ரூபாய் ஃபீஸ். அப்ளிகேஷனை என் கம்ப்யூட்டர்லயே போட்டோம். சாலிகிராமம் பாஸ்போர்ட் சேவா கேந்திராவுல அப்பாயின்ட்மென்ட் கிடைச்சுது.

உங்க வீட்டுல யாருக்காக மைல்ஸ் சேர்க்கறீங்களோ, அவங்ககிட்ட பாஸ்போர்ட் இருக்கான்னு இன்னைக்கே கேளுங்க. அடுத்த வீடியோவுல சந்திப்போம்.