மணிக்கு மண்டையில் என்ன?

நெடுங்காடு கடைத்தெருவில் ஒரு நாய் விழுந்து காலை உதைத்து, வாயில் நுரை தள்ளினால் ஊர் உடனே தீர்ப்பு சொல்லிவிடும்: 'வெறி புடிச்சிடுச்சு, அடிடா!' அப்பீல் கிடையாது.

வலிப்பு வேறு, வெறி வேறு ஸார். வலிப்பு வந்த நாய் பெரும்பாலும் சில நிமிஷத்தில் எழுந்து, திருதிருவென்று விழித்துவிட்டுத் தண்ணி குடிக்கப் போய்விடும். வெறிநாய் அப்படித் தேறாது. அறிகுறி தெரிந்து பத்து நாளுக்குள் பெரும்பாலும் கதை முடிந்துவிடும். அதற்காக விழுந்து கிடக்கும் நாயின் வாயில் கை வைக்காதீர்கள். கடித்திருந்தால் சோப்பு போட்டுக் கால்மணி நேரம் கழுவிவிட்டு ஊசிக்கு ஓடுங்கள். சாவிக்கொத்து வைத்தியமும் வேண்டாம். நாய்க்கு எந்தக் கையில் கொடுப்பதாம்?

விஷயம் வயசில் இருக்கிறது. ஆறு வயசுக்குள் ஆரம்பித்தால் பெரும்பாலும் காக்காய் வலிப்பு. குட்டி என்றால் டிஸ்டெம்பரையும் சந்தேகிக்கணும். ஏழெட்டு வயசில் முதன்முதலாக வந்து, மணி ஒரே பக்கமாக வட்டமடித்து, சுவரில் தலையை முட்டிக்கொண்டு நின்றால்... மூளையில் கட்டி இருக்கலாம்.

ஆமாம், நாய்க்கும் வரும். மூளை உறையில் வளரும் மெனிஞ்சியோமாதான் அதிகம். மூளைக்குள்ளேயே முளைப்பது கிளையோமா. பாக்ஸர் மாதிரி சப்பைமூக்கு ஜாதிகளுக்கு அது பிரியமான வியாதி. மனுஷனுக்கு வருவதைப் போலவே இருப்பதால், அமெரிக்காவில் நாய்க்கு சிகிச்சை செய்து மனுஷனுக்குப் பாடம் படிக்கிறார்கள்.

உறுதி செய்ய எம்.ஆர்.ஐ. வேண்டும். 'ஆடாம படுடா' என்றால் மணி கேட்காது. முழு மயக்கம் கொடுக்கணும். நாய்க்கென்று இருக்கும் மெஷின்கள் நாட்டில் சொற்பம். தஞ்சாவூர் தாண்டி ஒரத்தநாடு, பாண்டிச்சேரி குரும்பாபேட், 1903-ல் ஆரம்பித்த சென்னை வேப்பேரி - மூன்றிலும் கால்நடைக் கல்லூரி இருக்கிறது. என்ன வசதி உண்டு என்று போனில் கேட்டுவிட்டு பஸ் ஏறுங்கள். வலிப்பை செல்போனில் படம்பிடித்துக் கொண்டுபோனால் டாக்டருக்குப் பாதி வேலை மிச்சம்.

மெனிஞ்சியோமா என்றால் மண்டையோட்டைத் திறந்து எடுக்கலாம். கூடவே கதிர்வீச்சும் கிடைத்தால் ஒரு வருஷத்துக்கு மேல்கூட இருக்கும். ஆனால் கதிர்வீச்சு இங்கே நாய்க்கு அபூர்வம். குமாஸ்தா சம்பளத்தில் இதெல்லாம் நடக்குமா? நடக்காதவர்களுக்கு மாத்திரைதான்: வீக்கத்துக்கு ப்ரெட்னிசலோன், வலிப்புக்கு 1912-லிருந்து புழக்கத்தில் இருக்கும் பினோபார்பிடோன். இரண்டையும் டாக்டர் சொல்லாமல் திடீரென்று நிறுத்தக்கூடாது. மாத்திரை கட்டியைக் கரைக்காது. சில வாரமோ, சில மாசமோ வாங்கித் தரும். வலிப்பு ஐந்து நிமிஷம் தாண்டினால் மாத்திரையை நம்பாமல் டாக்டரிடம் தூக்கிக்கொண்டு ஓடணும்.

அந்த மாசங்களில் மணிக்கு அகோரப் பசி. உங்கள் தட்டையும் சேர்த்துக் கேட்கும். தண்ணியாகக் குடித்துவிட்டு ராத்திரி நாலு தடவை வெளியே விடச் சொல்லும். மறுநாள் ஆபீஸில் ஃபைல் மேல் தூங்கி விழுந்தால், காரணத்தை மேனேஜரிடம் சொல்லிப் பாருங்கள். அவர் வீட்டிலும் ஒரு மணி இருந்தால் பிழைத்தீர்கள்.